அச்சன்கோவில் அரசன் கேட்காமலே கொடுத்தது

வயலில் மடை திறக்கப் போன இடத்தில் என் வீட்டுக்காரரைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. தென்காசியில் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, "இவரைத் திருப்பிக் கொடு ராசா, உன் நடைக்கு வந்து நிற்கிறேன்" என்று அழுதேன். கேரள மலைக்காட்டில் இருக்கிற அச்சன்கோவில் ஐயப்பன், விஷம் இறக்கும் அரசன் அல்லவா! கையில் சந்தனத்தோடு காத்திருப்பவன். கடிபட்டவர் நடுராத்திரி வந்தாலும் அவன் நடை திறக்கும். மருந்தும் வேலை செய்தது, அவனும் காது கொடுத்தான். மனுஷர் பிழைத்து எழுந்தார். ஆனால் கால் வீக்கம் முழுசாக வடியவில்லை. அதனால் மார்கழித் திருவிழாவுக்கு நானும் மகனும் மட்டும் கிளம்பினோம்.

மகனுக்கு வயது 32. ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு நாங்கள் ஏறாத வாசல் இல்லை. இருந்தாலும் அன்றைக்கு நான் அதைப் பற்றி அய்யனிடம் மூச்சு விடவில்லை. ஒரு நேர்த்திக்கடனை அடைக்கப் போகும்போது இன்னொன்றைக் கேட்கக் கூடாது என்பது என் மாமியார் பழக்கிவிட்டது.

செங்கோட்டையில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். ஜீப்புக்காரர்கள் வாய்க்கு வந்த வாடகை சொன்னார்கள். "ஸ்பெஷல் தரிசனம் பண்ணித் தாரேன், வரிசையே கிடையாது" என்று ஒருவர் எங்கள் பின்னாலேயே வந்தார். சாமி பேரைச் சொல்லி இப்படிப் பிடுங்குகிறார்களே என்று வயிறு எரிந்தது. கடைசியில் ஒரு ஜீப்பில் பின்பக்கம் இடம் கிடைத்தது. மடியில் வாழைத்தாரும், அய்யனின் காவல் தெய்வம் கருப்பனுக்குக் கட்டிய எலுமிச்சை மாலையுமாக மகன் மடங்கி உட்கார்ந்தான். எதிர் சீட்டில் ஒரு பாட்டியும் பேத்தியும். முழங்காலும் முழங்காலும் இடிக்கிற இடைவெளிதான். "காலைக் கொஞ்சம் மடக்கிக்குங்க அண்ணா" என்றாள் அந்தப் பெண். இதற்கு மேல் எங்கே மடக்க என்பதுபோல் இவன் என்னைப் பார்த்தான்.

பண்பொழி, மேக்கரை தாண்டி மலை ஏறியதும் வளைவுக்கு வளைவு பாட்டிக்குக் குமட்டியது. இவன் என்ன செய்தான் தெரியுமா? கருப்பன் மாலையிலிருந்து ஒரு பழத்தை உருவிப் பாட்டி கையில் கொடுத்துவிட்டான்! எனக்குப் பதறிவிட்டது. "சாமி பழம்டா!" என்றேன். "சாமிக்கு நான் திருப்பிக் கொடுத்துடறேன் அம்மா, என் கணக்குல வச்சுக்கட்டும்" என்று அந்தப் பெண் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எனக்குக் கோபம் நிற்கவில்லை.

கோட்டைவாசல் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மழை பிடித்தது. ரோட்டின் குறுக்கே ஒரு மரம் விழுந்து கிடந்தது. முன்னும் பின்னும் வண்டிகள். யானை நடமாடுகிற காடு, இறங்கக் கூடாது என்று டிரைவர் சொல்லிவிட்டார். தார்ப்பாயை இறக்கிவிட்டு, அத்தனை பேரும் ஒருவர் மூச்சு ஒருவர் மேல் படுகிற மாதிரி உட்கார்ந்திருந்தோம். பயத்தில் நான் சரணம் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பாட்டிதான் பேச்சை ஆரம்பித்தாள். மலையகத் தமிழரைத் திருப்பி அனுப்ப இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். குளத்துப்புழை பக்கம் அவர்களுக்காக அரசாங்கம் போட்ட ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியே பிள்ளைகளை ஆளாக்கியிருக்கிறாள். "விடியமுன்ன இருட்டுல வெட்டப் போவோம்மா. காலடியில பாம்பு கிடக்கும். இந்த அய்யன்தான் துணை" என்றாள். பேத்தி புனலூரில் ஒரு மருந்துக்கடையில் கணக்கு எழுதுகிறாள். செங்கோட்டையில் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த இடத்தில் பாட்டிக்குத் துணையாகக் கிளம்பியிருக்கிறாள்.

மகன் வீட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவன். அவளிடம் புனலூர் ரயிலைப் பற்றிக் கேட்டான். கழுதுருட்டி பதிமூன்று கண் பாலத்தைப் பற்றிக் கேட்டான். மீட்டர் கேஜ் வண்டி ஓடிய காலத்தில் அப்பாவோடு போனதைச் சொன்னான். 2010ல் அதை நிறுத்தியபோது நானும் அழுதேன் என்றாள் அவள். ஒழுகின இடத்துக்குக் கீழே அவள் இருந்தாள் என்று துண்டை எடுத்துக் கொடுத்தான். மரத்தை அறுத்து ஒதுக்கி வண்டி நகர்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது: "அண்ணா" எப்போதோ போய்விட்டது. "நீங்க" மட்டும்தான் இருந்தது. பாட்டியும் அதைக் கவனித்திருக்க வேண்டும். என் தொடையில் மெல்லத் தட்டினாள்.

கோவிலில் பாட்டியும் நானும் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றோம். தள்ளின தள்ளில் செருப்பு போன இடம் தெரியவில்லை, போகட்டும். நடை நேரே வந்தது. தீபம் காட்டினார்கள். வாளேந்திய என் அரசன்! தேவியர் பூர்ணா, புஷ்கலை இருபுறமும் நிற்க, வீட்டுப் பெரியவர் நம்மைப் பார்ப்பதுபோல் பார்த்தான். சொல்ல வேண்டும் என்று சேர்த்து வைத்திருந்த ஒரு வார்த்தையும் வரவில்லை. வீங்கின கால்தான் கண்ணுக்குள் நின்றது. "கொடுத்துட்டியே, கொடுத்துட்டியே" என்று மட்டும் வாய் முணுமுணுத்தது. பின்னால் யாரோ "நகருங்க, நகருங்க" என்று முதுகில் கை வைத்தார்கள். பாட்டி அசையவே விடவில்லை. "இரும்மா, கண்ணு நிறையப் பாத்துக்கோ" என்றாள். உள்ளங்கையில் சந்தனம் விழுந்ததும் உடம்பு முழுக்கக் குளிர்ந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ, அய்யனுக்குத்தான் தெரியும்.

வெளியே வந்தால் கருப்பன் சந்நிதி முன்னால் அந்தப் பெண் ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி வைத்துக்கொண்டு நின்றாள். இவன் மாலையை நீட்ட, எடுத்த இடத்திலேயே அதைக் கோத்துக் கொடுத்தாள்.

பக்கத்து மலைக்கோவிலான ஆரியங்காவில் இதே அய்யன் புஷ்கலையைக் கைப்பிடித்த கதை உங்களுக்குத் தெரியும்தானே. மதுரையிலிருந்து வந்த சௌராஷ்டிர வணிகரைக் காட்டில் யானையிடமிருந்து காப்பாற்றி, பெண்ணைக் கொடு என்று கேட்ட வேடன் யார்? இன்றைக்கும் மதுரைக்காரர்கள் சம்பந்தி முறையோடு வந்து திருக்கல்யாணம் நடத்துகிறார்களே. தன் கல்யாணத்தையே காட்டுவழியில் முடிவு செய்துகொண்டவனுக்கு என் பிள்ளை கல்யாணம் பெரிதா?

சந்தனத்தை வீட்டுக்காரர் காலில் பூசிக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். ஜாதகம் பார்க்க வேண்டாமா என்றும் கேட்டேன். "அந்த நெருக்கடியில முகம் சுளிக்காம இருந்திருக்காங்க. அதுக்கு மேல என்ன பொருத்தம் வேணும்?" என்றார். ஆவணியில் நிச்சயம் முடிந்தது. அந்தக் காலோடு அவரே மாப்பிள்ளை வீட்டுத் தாம்பூலத் தட்டைத் தூக்கி நடந்தார். அதைப் பார்த்து நான் அழுத அழுகையைப் பெண் வீட்டார் என்னவென்று நினைத்தார்களோ!

தை பிறந்ததும் கல்யாணம். தாலி கட்டிய கையோடு குளத்துப்புழையில் குழந்தையாக இருக்கிற ஐயப்பன், அந்தப் பாலகனிடம் போய் ஆற்று மீனுக்குப் பொரி போட வேண்டும் என்கிறாள் பாட்டி. முதலில் அச்சன்கோவில்தான் என்கிறேன் நான். எப்படியும் முதல் பத்திரிகை அரசனுக்கு, அடுத்தது கருப்பனுக்கு. சாமியே சரணம் ஐயப்பா!