டியூபின் பின்பக்கம்

34 வயதில் எனக்கு மறுபடியும் முகப்பரு வந்தது. பள்ளிக் காலத்தில் நெற்றியில் வந்தது, இந்த முறை தாடையோரமாகக் குடியேறியது. அக்காவிடம் புலம்பினேன். "இன்னும் இளமை போகவில்லை என்று சந்தோஷப்படு" என்றாள். அவள் முகத்தில் இன்றுவரை ஒரு பரு எட்டிப் பார்த்ததில்லை.

பிழை திருத்துவதுதான் என் பிழைப்பு. அச்சுக்குப் போகும் பக்கத்தில் ஒரு ஒற்று விடுபட்டிருந்தாலும் என் கண்ணில் பட்டுவிடும். அப்படிப்பட்டவள், மருந்துக்கடையில் மட்டும் டியூபின் முன்பக்கத்தைப் படித்துவிட்டுக் காசை எடுத்து நீட்டினேன். 'ஆழ்ந்த சுத்தம்', 'ஒரே இரவில் மாற்றம்'. ஒன்றரை மாதத்தில் நான்கு பொருட்கள் சேர்ந்தன. நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசினேன். வாயோரம் தோல் உரிந்தது, சிரித்தால் எரிந்தது. பருக்கள் மட்டும் சௌக்கியமாக இருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கையும் மேசையில் வரிசையாக வைத்து, பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு பின்பக்கத்தைப் படிக்க உட்கார்ந்தேன். ஒரு டியூபில் முக்கியமான எழுத்துகள் மடிப்புக்குள் போயிருந்தன. அதை விரலால் நீவித்தான் படிக்க வேண்டியிருந்தது. மூன்றில் இருந்தது ஒரே சரக்கு, சாலிசிலிக் அமிலம். ஒன்றில் 2 சதவீதம், இன்னொன்றில் 0.5, மூன்றாவதில் எவ்வளவு என்றே போடவில்லை. நான்காவதில் பென்சாயில் பெராக்சைடு, 10 சதவீதம். ஒரே மருந்தை மூன்று நிறத்தில் வாங்கி, அதன்மேல் காட்டமான இன்னொன்றையும் பூசி வந்திருக்கிறேன்.

அதன்பிறகுதான் எது எதற்கு என்று நிதானமாகப் படித்தேன். சாலிசிலிக் அமிலம் எண்ணெயில் கரையும். அதனால் மயிர்த்துளைக்குள் இறங்கி, அங்கே அடைத்துக்கொண்டிருக்கும் இறந்த செல்களைத் தளர்த்தும். கரும்புள்ளி, வெண்புள்ளி (பிளாக்ஹெட், ஒயிட்ஹெட்) வகைப் பருக்களுக்கு அது பொருத்தம். (கரும்புள்ளியின் கறுப்பு அழுக்கல்ல. துளையில் அடைத்திருப்பது காற்றுப்பட்டுக் கறுக்கிறது. தேய்த்துத் தேய்த்துக் கழுவியதெல்லாம் வீண்.) சிவந்து, வீங்கி, சீழ் வைக்கும் பருவுக்குப் பென்சாயில் பெராக்சைடு. பருவோடு சேர்ந்திருக்கும் கிருமியை அது ஆக்சிஜனைக் கொண்டு கொல்கிறது. ஆன்டிபயாடிக்கிடம் பழகிக்கொள்வதுபோல் இதனிடம் கிருமி பழகிக்கொள்வதில்லை. எனக்கு இருந்தது இரண்டாவது வகை.

எண் பெரிதானால் வேலையும் பெரிதாக நடக்கும் என்று நினைத்துத்தான் 10 சதவீதத்தை வாங்கியிருந்தேன். பருவைக் குறைப்பதில் 2.5 சதவீதமே ஏறக்குறைய அதற்கு ஈடாக வேலை செய்யும், எரிச்சல்தான் குறைவு. கடையில் 2.5 கேட்டபோது, "அது சின்னப் பிள்ளைகளுக்கு" என்று சொல்லி 10-ஐயே நீட்டினார்கள். திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கடைக்குப் போனேன்.

அடாபலீனையும் யோசித்தேன். துளை அடைபடுவதையே தடுக்கும் மருந்து அது. 0.1 சதவீத ஜெல் அமெரிக்காவில் 2016 முதல் சீட்டில்லாமல் கிடைக்கிறது, பல நாடுகளில் இன்னும் மருத்துவர் சீட்டு வேண்டும். தொடங்கிய சில வாரங்களுக்குப் பரு கூடிவிட்டுத்தான் குறையும் என்கிறார்கள். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. கருவுற்றிருப்பவர்கள் அதைத் தொடவே கூடாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர் ஒருவர், "மூன்றே நாளில் போய்விடும்" என்று ஒரு கிரீமைக் கையில் திணித்தார். பின்பக்கம் பார்த்தால் ஸ்டீராய்டு. முதலில் முகம் பளிச்சென்று ஆகும், பிறகு தோல் மெலிந்து, அந்த மருந்தாலேயே பரு கிளம்பும். நன்றி சொல்லி வாங்கி, குப்பையில் போட்டேன்.

ஆக, ஒரே ஒரு மருந்து, 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு. ஒருநாள் விட்டு ஒருநாள் இரவு முகம் கழுவி, ஈரம் உலர்ந்ததும், பட்டாணி அளவு எடுத்துத் தாடை முழுக்க மெல்லப் பூசுவேன். பருவின் தலையில் மட்டும் பொட்டு வைப்பதில் பயனில்லை, அடுத்த பரு கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்திலேயே உருவாகிக்கொண்டிருக்கும். மேலே, துளையை அடைக்காத மாய்ஸ்சரைசர். அவ்வளவுதான். கைவசம் இருந்த மற்றவற்றை அலமாரியின் மேல்தட்டில், ஸ்டூல் போட்டு ஏறினால்தான் எட்டும் இடத்தில் வைத்தேன்.

கஷ்டமெல்லாம் காத்திருப்பதில்தான். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் போனால்தான் தீர்ப்புச் சொல்ல முடியும். மூன்றாவது வாரத்தில் இரண்டு முறை ஸ்டூலைத் தேடிப் போனேன். ஐந்தாவது வாரத்தில் முகத்தில் பெரிய மாற்றம் இல்லை, தலையணை உறையில்தான் மாற்றம் தெரிந்தது. கருநீல உறையில் என் தாடை படும் இடம் மட்டும் வெளிறி, பிறைபோல ஆரஞ்சு நிறத்தில் ஒரு தடம். இந்த மருந்து துணியை வெளுக்கும் என்று பின்பக்கத்தில் கடைசி வரியில் போட்டிருந்தது. அதைப் படிக்கவில்லை. இப்போது வெள்ளை உறை, வெள்ளைத் துண்டு.

ஒன்பதாவது வாரத்தில் புதுப் பரு வருவது குறைந்தது. தழும்புகள் இன்னும் இருக்கின்றன, மங்கிக்கொண்டு வருகின்றன. ஆழத்தில் கட்டியாக வந்து குழி விழுந்தாலோ, பருவோடு மாதவிலக்கும் தாறுமாறானாலோ கடை மருந்தோடு மல்லுக்கட்டாமல் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். எனக்கு அதுவரை போகவில்லை.

போன வாரம் அக்கா கூப்பிட்டாள். அவள் மகனுக்குப் பதினான்கு வயது, நெற்றி நிறையக் கிளம்பிவிட்டதாம். ஏதோ வாங்கி வந்துவிட்டாளாம். அதில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன். "இரு, பார்த்துச் சொல்கிறேன்" என்று போனவள், திரும்பி வந்து நிறுத்தி நிதானமாகப் படித்தாள்: "ஆழ்ந்த சுத்தம்."