வந்தியத்தேவன் வினாவில் நான் தோற்றதும் தேறியதும்

போன பருவத்தில் நான்கு மதிப்பெண் குறைந்து அரியர் விழுந்த புதினத் தாளில் இந்த முறை தேறிவிட்டேன். முடிவு வந்து மூன்று நாள்தான் ஆகிறது. அந்த நான்கு மதிப்பெண்ணும் எங்கே போயின என்று எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால், அடுத்து எழுதப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கல்கியின் பொன்னியின் செல்வன் புதினத்திலிருந்து வந்த பத்து மதிப்பெண் வினா, அதன் கதாநாயகன் வந்தியத்தேவனின் பண்புநலன்களைப் பற்றியது. முதல் முறை வீரம், விவேகம், நட்பு, நேர்மை, நகைச்சுவை என ஐந்து துணைத்தலைப்புகளிட்டு மூன்று பக்கம் எழுதினேன். வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து அந்த விடையைத் திரும்ப எழுதி, பெயரை மட்டும் அதே புதினத்தின் சோழ இளவரசன் அருள்மொழிவர்மன் என்று மாற்றிப் படித்துப் பார்த்தேன். ஒரு வரிகூட உறுத்தவில்லை. ஒரே ஒரு காட்சியைக்கூட நான் காட்டியிருக்கவில்லை. ஆகவே விடை எழுதிப் பழகும்போது பெயரை மறைத்துவிட்டுப் படியுங்கள். மற்ற அறிவுரைகளை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

இந்த முறை நான் விரித்து எழுதியது தஞ்சை அரண்மனைக் காட்சியை. பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் கொடுத்த ஓலையை அவன் தந்தையான சக்கரவர்த்தி சுந்தர சோழரிடம் சேர்த்த கையோடு வந்தியத்தேவன் “அபாயம்” என்று எச்சரிக்க, அது கோட்டைத் தளபதி சின்னப் பழுவேட்டரையர் காதில் விழுந்துவிடுகிறது. அவர் மடக்கிக் கேட்கும்போது, தான் சொன்னது ‘அபயம்’ என்று சாதித்துவிடுகிறான். ஒரு கால் எழுத்தை விழுங்கித் தலையைக் காப்பாற்றிக்கொள்பவனைச் ‘சமயோசித புத்தி உடையவன்’ என்ற ஒற்றைத் தொடரில் அடைப்பது வீண். அவன் கூசாமல் பொய் சொல்பவன். ஆனால் நம்பி அனுப்பியவரை ஏமாற்றாதவன். இவ்விரண்டையும் சேர்த்து எழுதினால்தான் அவன் அவனாகத் தெரிகிறான் என்பது என் கருத்து.

வீரத்துக்குப் போர்க்களத்தைத் தேட வேண்டியதில்லை. அரிசிலாற்றங்கரையில் பெண்களைக் காப்பாற்றுவதாக எண்ணி, உயிரில்லாத முதலையின்மீது வேலெறிந்து நகைப்புக்கு ஆளாகிறானே, அவனுடைய துணிச்சலும் அவசரமும் அங்கேயே இருக்கின்றன. நட்புக்கு அவன் நண்பன் கந்தமாறன் போதும்: முதுகில் குத்துப்பட்டவனைச் சுமந்து சென்று சேந்தன் அமுதன் வீட்டில் சேர்த்தவன் மேலேயே குத்திய பழி விழுகிறது.

இனி சுருக்கமாகச் சில.

பாகங்களின் பெயர்களை வரிசையாக எழுதி இடத்தை நிரப்பாதீர்கள்.

புதினம் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது என்று ஒரு வரி எழுதினால் போதும்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ராஜராஜனின் தமக்கை குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியாகக் குறிப்பிடுகிறது. முதலையும் ‘அபயமும்’ கல்கியின் கற்பனை. வரலாற்றையும் கற்பனையையும் குழப்பினால் மதிப்பெண் போகும்.

திரைப்படத்தில் பார்த்த காட்சியை எழுத வேண்டாம்.

நான் மெதுவாக எழுதுபவன், மனப்பாடமும் வராது. எனவே மூன்று காட்சிகளோடு நிறுத்திக்கொண்டேன். வேகமாக எழுதுபவர்கள் ஐந்து வைத்துக்கொள்ளலாம், எனக்கு அது ஒத்துவராது. இந்த முறை என் விடை ஒன்றே முக்கால் பக்கம்தான். பக்கத்து மேசைக்காரர் இரண்டாவது கூடுதல் தாள் வாங்கும்போது வயிற்றைக் கலக்கியது உண்மை. ஆனாலும் கையை உயர்த்தாமல் அடுத்த வினாவுக்குப் போய்விட்டேன்.