மருந்து நேரமும் வெயில் நேரமும்: மட்டக்களப்பு நடைக் குறிப்புகள்

2025 ஜூன் 7, சனி

பார்க்கின்சன், பாரிசவாதம் போன்ற நரம்பு நோய் உள்ளவர்களை வெளியே நடக்கக் கூட்டிப்போகிறவர்களுக்கான குறிப்புகள் இவை. வெக்கையான கச்சான் காற்று தொடங்கிவிட்டது. இனி ஆவணி வரைக்கும் காலை எட்டரைக்குப் பிறகு நோயாளிகளை வெளியே வைத்திருக்க முடியாது. நடக்கத் தோதான நேரம் ஆறு மணியிலிருந்து ஏழரை வரைக்கும்தான். பார்க்கின்சன் நோய் உள்ளவர்களுக்குச் சிக்கலே அங்கேதான். அந்த நோய்க்குக் கொடுக்கும் லெவோடோபா குளிசையை முதல்நாள் இரவு போட்டிருந்தாலும், அதன் பலம் விடியும்போது இறங்கியிருக்கும். ஊர் குளிர்ந்து கிடக்கும் நேரமும் அவர்கள் உடம்பு மரக்கட்டையாய்க் கிடக்கும் நேரமும் ஒன்றாக வந்துவிடுகின்றன. ஆறு மணிக்கு எழுப்பி அப்படியே இறக்கி நடத்தினால் நாலு எட்டில் கால் நிலத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதைக் கண்டு பயந்த வீட்டார் அடுத்த கிழமை அனுப்பமாட்டார்கள். "அவருக்கு இனி நடை சரிவராது" என்ற முடிவு பல வீடுகளில் இப்படித்தான் எடுக்கப்படுகிறது. உண்மையில் சரிவராமல் போனது நடை அல்ல, குளிசை நேரம்.

ஆகவே நடைநாளில் முதல் குளிசை காலை ஐந்தேகாலுக்கு. குளிசையையும் ஒரு கிளாஸ் தண்ணீரையும் இரவே தலைமாட்டில் வைத்துவிட வேண்டும். மருந்து வேலை செய்ய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் எடுக்கும். ஆறேகாலுக்கு நடை. ஒரு குளிசையை முன்னுக்கு இழுத்தால் அன்றைய மற்றக் குளிசைகளின் நேரமும் மாறும் என்பதால், கிளினிக் வைத்தியரிடம் கேட்காமல் யாரும் மாற்றக்கூடாது. அளவைக் கூட்டுவது அறவே கூடாது.

சாப்பாடும் இதில் சேர்த்திதான். தயிர், முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றிலும் உள்ள புரதம் குடலில் லெவோடோபாவோடு ஒரே வழிக்குப் போட்டி போடும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் குளிசை, அல்லது சாப்பிட்டு ஒரு மணி கழித்து. எருமைத் தயிர் இல்லாமல் காலைச் சாப்பாடு இறங்காது என்பவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர். தயிரை விடச் சொல்லவில்லை, இரவுக்குத் தள்ளினால் போதும். குளிசை போட்டதும் குமட்டல் வருகிறவர்கள் வெறும் பிஸ்கட் இரண்டு சாப்பிடலாம்.

2025 ஜூன் 14, சனி

காந்தி பூங்கா, வாவிக்கரை நடைபாதை. கால் ஒட்டுவது பெரும்பாலும் மூன்று இடங்களில்: படலையைத் தாண்டும்போது, திரும்பும்போது, யாராவது குறுக்கே வரும்போது. கூட வருகிறவர் முதலில் செய்யும் காரியம் கையைப் பிடித்து முன்னால் இழுப்பது. அதுதான் ஆகாத வேலை. உடம்பு முன்னால் போகும், பாதம் நின்ற இடத்திலேயே நிற்கும், முகம் அடிபட விழுவார்கள்.

செய்ய வேண்டியது இது. நடக்கும் முயற்சியை முற்றாக விட்டு நிற்க வேண்டும். நிமிர்ந்து ஒரு மூச்சு. பாரத்தை இடமும் வலமுமாக இரண்டு தரம் மாற்றி, பாரம் இல்லாத காலை நீட்டி ஒரு பெரிய எட்டு. பக்கத்தில் நிற்கிறவர் ஒரு வசனம் சொன்னால் போதும்: "அப்பா, நில்லுங்க. அந்தக் கோட்டைத் தாண்டி வைங்க."

கோடு என்றது, பாதைக்குக் குறுக்கே சோக்கால் போடுவது. அவரவர் எட்டுக்கு ஏற்ப, நடுத்தரமாக 45 சென்ரிமீற்றருக்கு ஒன்று. சாம்பல் நிறத் தரையில் வெள்ளை அல்லது மஞ்சள் தெளிவாகத் தெரியும். பாதையின் நீளத்துக்குப் போட்ட கோடு உதவாது. கண் ஒரு இலக்கைத் தாண்டும் கட்டளையைக் கொடுக்கிறது. தானாக நடக்கும் பழக்கம் மூளையில் தடுமாறியிருக்கும்போது இந்த வேறு வழி திறக்கிறது. திரும்புவதற்கு நின்ற இடத்தில் சுழலாமல், குடையை விரித்த அகலத்துக்கு வளைந்து நடந்து வர வேண்டும்.

தாளமும் இதே வேலையைச் செய்யும். வழக்கமான நடையில் ஒரு நிமிடத்துக்கு எத்தனை எட்டு என்று எண்ணுங்கள். கால் ஒட்டும் பழக்கம் உள்ளவருக்குத் தாளத்தை அதிலிருந்து பத்து வீதம் குறைத்து வையுங்கள்: 100 என்றால் 90. போனில் மெட்ரோனோம் (சீராகத் தாளம் தட்டும் கருவி) போடலாம். கூத்து ஆடிப் பழகிய ஐயாமாருக்குச் சல்லரிச் சத்தம் அதைவிட நன்றாகப் பிடிக்கிறது, கால் தானாகவே எழும்புகிறது. நடக்கும்போது அவர்களிடம் கேள்வி கேட்காதீர்கள். பதில் யோசிக்கும் கணத்தில் கால் நின்றுவிடும்.

2025 ஜூன் 17, செவ்வாய்

"இவருக்குச் சோம்பல், ஒண்டுக்கும் மனமில்லை" என்று வீட்டுக்கு வீடு சொல்கிறார்கள். மனம் எழும்பாமல் கிடப்பது பார்க்கின்சன் நோயின் ஒரு கூறு, மூளையில் டோபமின் என்ற இரசாயனம் குறைவதோடு சேர்ந்து வருவது. பாரிசவாதத்துக்கு (பக்கவாதம்) பிறகு வரும் மனச்சோர்வும் அப்படித்தான். ஏசினால் குறையாது. "வாறீங்களா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். "ஆறேகாலுக்கு ஓட்டோ வரும், சேர்ட் எடுத்து வைச்சிருக்கு" என்று சொன்னால் எழும்புவார்கள். விடிகாலை வெளிச்சம் கண்ணில் பட்டால் இரவுத் தூக்கமும் சீராகும்.

2025 ஜூன் 21, சனி

கல்லடிக் கடற்கரை. இன்று வந்தவர்களில் கூடுதலானோர் பாரிசவாதம் கண்டவர்கள்.

ஓட்டோவில் ஏற்றுவதில் கவனம். முதுகைக் காட்டி, தொடையின் பின்பக்கம் சீற்றில் முட்டும்வரை பின்னால் வரவேண்டும். நல்ல கையால் கம்பியைப் பிடித்து, தலையைக் குனிந்து, முதலில் இருந்துவிட வேண்டும். பிறகு கால்களை உள்ளே திருப்பலாம். அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதும் செயலிழந்த கையைப் பிடித்து இழுப்பதும் தோள்மூட்டைக் கழற்றிவிடும். அந்த நோவு மாதக்கணக்கில் போகாது. அதனாலேயே பயிற்சியை விட்டவர்கள் இருக்கிறார்கள்.

சாரம் காலில் தட்டும். முழங்காலுக்குக் கீழே வரைக்கும் மடித்து இறுக்கிக் கட்டவேண்டும், அரைக் காற்சட்டை இன்னும் நல்லது. பாட்டா செருப்பு வேண்டாம், விரலால் கவ்விப் பிடிக்க முடியாத காலில் அது நிற்காது. குதிக்குப் பின்னால் வார் உள்ள சாண்டில் போடுங்கள். ஊன்றுகோல் நல்ல கையில். உதவியாளர் செயலிழந்த பக்கத்தில், அரை எட்டுப் பின்னால், இடுப்புப் பட்டியில் கைவைத்து.

பாதத்தின் முன்பக்கத்தைத் தூக்க முடியாமல் அது தொங்குகிறவர்கள் காய்ந்த மணலில் நடக்கவே கூடாது. அலை நனைத்து இறுகிய ஈர மணல் ஓரம் நடக்கலாம், ஆனால் அது கடலை நோக்கிச் சரிந்திருக்கும். மேட்டுப் பக்கம் வரும் காலுக்குத்தான் நிலம் கிட்ட. தொங்கும் பாதம் அந்தப் பக்கம் வந்தால் விரல் மணலில் இடறும். பள்ளப் பக்கம் வந்தால் பாதம் இடறாது, ஆனால் உடம்பு கடல் பக்கம் சாயும், தாங்கும் ஆளும் அங்கேதான் நிற்கவேண்டும். போகும்போது ஒன்று, வரும்போது மற்றது. சரிவு குறைந்த துண்டைத் தேடி அதற்குள்ளேயே சிறு தூரம் நடப்பதுதான் எங்கள் வழக்கம்.

சில்லுக்கதிரையை மணலில் முன்னால் தள்ளினால் சின்னச் சில்லு புதைந்து ஆள் முன்னால் கொட்டுண்டு போவார். பின்பக்கமாகச் சாய்த்து, பெரிய சில்லு இரண்டில் மட்டும் ஏற்றி, பின்னோக்கி இழுக்கவும்.

2025 ஜூன் 28, சனி

காலையிலேயே காற்று சுடுகிறது. நடை கால் மணி நேரத்தோடு நிறுத்தம்.

மூளை, முள்ளந்தண்டு நரம்புகளின் உறை பழுதாகும் மல்ரிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய் எங்கள் நாட்டில் அரிது, ஆனால் இருக்கிறது. உடம்புச் சூடு அரைப் பாகை ஏறினாலே பார்வை மங்கும், கால் கனக்கும். ஜேர்மன் கண் வைத்தியர் வில்ஹெல்ம் உட்ஹொஃப் 1890இல் விவரித்தது இது. சூடு தணிந்தால் தணியும், நோய் முற்றிவிட்டது என்று அர்த்தம் அல்ல. ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் தண்ணீரில் தோய்த்த துவாய்கள், பிடரிக்கும் கைமணிக்கட்டுக்கும். நிழலில் குளிர்ந்த தண்ணீர். நடைக்கு முன்னரே ஒரு தரம் குளிர்த்திவிட்டால் இன்னும் கொஞ்சத் தூரம் தாங்கும்.

வெக்கையில் இன்னொன்று: எழும்பி நின்றதும் பிரஷர் விழுவது. படுக்கையில் ஒரு தரம், எழும்பி நின்று 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அன்று நிழலில் இருந்தபடி கை கால் பயிற்சி மட்டும். தலைசுற்று என்று எல்லோரும் சொல்லமாட்டார்கள். "பிடரியும் தோளும் இழுக்குது" என்றால் அதுவும் இதுவாக இருக்கலாம், உடனே இருத்துங்கள்.

2025 ஜூலை 5, சனி

வலிப்பு உள்ளவர்களோடு வருகிறவர்களுக்கு ஒத்திகை. சாவிக்கொத்தைக் கையில் திணிப்பதும் இரும்பைப் பிடிக்கக் கொடுப்பதும் எங்கள் ஊரில் இன்னும் போகவில்லை. வலிப்பு இரும்பால் நிற்பதில்லை. பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடங்களில் தானாக நிற்கும். வாயில் கரண்டி, துணி, தண்ணீர் எதுவும் வேண்டாம். கைகாலை அமுக்கிப் பிடிக்கவும் வேண்டாம். மணிக்கூட்டைப் பாருங்கள். தலைக்குக் கீழே மடித்த துவாய். மணலில் என்றால் மூக்கையும் வாயையும் மணலிலிருந்து விலக்கி வையுங்கள். உதறல் நின்றதும் பக்கவாட்டில் சரித்துவிடுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது தெளியாமல் மறுபடி வந்தால் 1990க்கு எடுத்து சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

தண்ணீருக்குள் வந்தால் தலையை மேலே பிடித்தபடி கரைக்குக் கொண்டுவந்து, தெளிந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கட்டாயம் கொண்டுபோக வேண்டும். நுரையீரலுக்குள் தண்ணீர் போயிருக்கலாம்.

2025 ஜூலை 12, சனி

பாசிக்குடா. கல்லடியில் கரை சட்டென்று ஆழம், அலையும் பலம். அங்கே யாரையும் இறக்குவதில்லை. பாசிக்குடாவில் நெடுந்தூரம் ஆழம் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் காலுக்கு வரும் பாரம் ஏறக்குறையப் பாதியாகக் குறையும். வீட்டில் எழும்பி நிற்கப் பயப்படுகிற அம்மாமார் இங்கே பக்கவாட்டில் எட்டு வைக்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்!

ஒருவருக்கு ஒருவர் என்று ஆள் இருந்தால்தான் இறக்கலாம். இடுப்புக்கு மேல் ஆழம் வேண்டாம். கடலோடே வளர்ந்து சின்ன வயதிலிருந்து நீந்தியவர்களில் பார்க்கின்சன் வந்தபின் மிதக்கவே முடியாமல் போகிறவர்கள் உண்டு. மூளையில் மின்முனை வைத்துச் சிகிச்சை பெற்றவர்களிலும் இது கண்டிருக்கிறது. "எனக்கு நீச்சல் தெரியும் மனே" என்ற சொல்லை நம்பிக் கையை விடாதீர்கள். விழுங்கக் கஷ்டப்படுகிறவர்களுக்கு முகத்தில் தண்ணீர் தெறிக்க விடவேண்டாம்.

வீட்டில் பராமரிப்பவர்களுக்கு, நோயாளிகள் தண்ணீரில் இருக்கும் முக்கால் மணி நேரம் மர நிழலும் தேத்தண்ணியும். அவர்களை உதவிக்குக் கூப்பிடுவதில்லை.

கரையேறியதும் நல்ல தண்ணீரால் காலைக் கழுவி, உணர்ச்சி மரத்த பாதத்தை விரல் இடுக்கோடு பார்க்கவேண்டும். சிப்பி வெட்டியது அவர்களுக்குத் தெரியாது. கணுக்கால் தாங்கியைக் கழுவித் துடைத்து நிழலில் காயவிட்டே மாட்டுங்கள். வெல்குரோவுக்குள் மணல் இருந்தால் பட்டி பிடிக்காது, உள்பக்கத்தில் ஒட்டிய மணல் வீட்டுக்குப் போவதற்குள் தோலை உரித்துவிடும்.