தடித்த அட்டையில் வேகமான இங்க்ஜெட் அச்சு: இருதிசை அச்சும் கோடு பிசகாமல் வருகிறது

250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 250 கிராம் எடை) பூச்சில்லாத அட்டை. இருதிசை அச்சை, அதாவது மை தெளிக்கும் ஹெட் போகும்போதும் திரும்பும்போதும் அச்சிடுவதை, அணைக்கவே இல்லை. 6 பாயின்ட் எழுத்துகூட இரட்டிப்பாகத் தெரியாமல் துல்லியமாக விழுகிறது, பக்கத்துக்கு ஆகும் நேரமும் ஏறத்தாழ பாதியாகிவிட்டது. தாள் கனமாக இருப்பதால் பிரிண்டர் மெதுவாக ஓடுவதில்லை. டிரைவரில் நாம் தேர்ந்தெடுக்கும் தாள் வகைதான் அதை மெதுவாக்குகிறது.

'மேட் போட்டோ பேப்பர்' என்று கொடுத்தால், ஹெட் ஒரே பட்டையின் மேல் பலமுறை ஓடும், மையும் பூச்சுள்ள தாளுக்கான அளவில் இறங்கும். பூச்சில்லாத அட்டை அவ்வளவு மையைத் தாங்காது. எழுத்தோரம் கசியும், அட்டை நெளியும், நெளிந்த மேடு ஹெட்டில் உரசும். எத்தனை ஜிஎஸ்எம் ஆனாலும் மை உறிஞ்சுவதில் அது சாதாரணத் தாள்தான். ஆகவே பிளைன் பேப்பர், தரம் ஸ்டாண்டர்டு. பளபளப்பான போட்டோ தாளுக்கு மட்டும் இந்த வழி கூடவே கூடாது. கறுப்பு பிக்மென்ட்டாகவும் (துகள் மை) மற்ற நிறங்கள் டையாகவும் (கரைந்த சாய மை) உள்ள பிரிண்டர்களில் பிளைன் பேப்பர் என்றதும் பிக்மென்ட் கறுப்பு இறங்கும். அது அந்தப் பூச்சில் பிடிக்காது, தேய்த்தால் வந்துவிடும்.

பிளைன் பேப்பருக்கு ஹெட் தாழ்ந்து நிற்கும் என்பதால், தடித்த தாளுக்கான விருப்பத்தையோ தாள் உராய்வைத் தடுக்கும் விருப்பத்தையோ கட்டாயம் போட்டுவிட வேண்டும். சில மாடல்களில் இதனால் வேகம் கொஞ்சம் குறையும். அப்படியும் லாபம்தான்.

இனிதான் உண்மையான வேலை. இருதிசை அச்சில் செங்குத்துக் கோடுகள் இரட்டையாக விழுவதைப் பார்த்ததும் பலர் அதை அணைத்துவிடுகிறார்கள். பாதி வேகம் அங்கேயே போய்விடுகிறது. கோளாறு இருதிசையில் இல்லை, ஹெட்டுக்கும் தாளுக்கும் உள்ள இடைவெளியில் இருக்கிறது. மைத்துளி கீழே விழும்போது ஹெட்டின் ஓட்டத்தையும் சேர்த்தே கொண்டுபோகும். ஹெட் நொடிக்கு 1 மீட்டர், துளி நொடிக்கு 8 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணத் தாள் 0.1 மி.மீ., அட்டை 0.3 மி.மீ. ஹெட் அதே உயரத்தில் இருந்தால் இடைவெளி 0.2 மி.மீ. குறைகிறது, துளி 0.025 மி.மீ. முன்னதாக விழுகிறது. போகும்போது ஒரு பக்கம், திரும்பும்போது எதிர்ப்பக்கம், ஆக மொத்தம் 0.05 மி.மீ. 720 டிபிஐயில் (அங்குலத்துக்கு 720 புள்ளி) இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இருப்பதே 0.035 மி.மீ. ஒன்றரைப் புள்ளி பிசகினால் எழுத்து தடிக்காமல் என்ன செய்யும்? ஹெட்டை உயர்த்தினாலும் இதே கதைதான், பிசகு எதிர்த்திசையில் வரும்.

எனவே ஹெட் அலைன்மென்ட்டை (துளி விழும் இடத்தைச் சரிசெய்வதை) அச்சிடப்போகும் அதே அட்டையில் செய்ய வேண்டும். தானியங்கி அலைன்மென்ட் வேண்டாம், சோதனைப் பக்கத்தைப் பார்த்துக் கையால் எண் தேர்ந்தெடுக்கும் முறையே சரி. பழைய எண்களை முதலில் குறித்துவையுங்கள், சாதாரணத் தாளுக்குத் திரும்பும்போது தேவைப்படும். சில பிரிண்டர்களில் சோதனைப் பக்கம் தடித்த தாள் விருப்பத்தைக் கண்டுகொள்ளாது. அதனால் 0.25 மி.மீ. செங்குத்துக் கோடுகளும் 6 பாயின்ட் எழுத்தும் உள்ள ஒரு பக்கத்தை அசல் செட்டிங்கிலேயே அச்சிட்டு லென்ஸில் பார்ப்பது நல்லது. கோடு இரண்டாகப் பிரிந்தால் எண்ணை ஒரு படி மாற்றி மறுபடி அச்சிடுங்கள். இடது ஓரம், நடு, வலது ஓரம் மூன்றையும் பார்க்க வேண்டும். நடுவில் சரியாக இருந்து ஓரத்தில் மட்டும் பிசகினால் அட்டை வளைந்திருக்கிறது என்று பொருள். அதை எந்த எண்ணாலும் சரிசெய்ய முடியாது. கனமான பலகைக்கு அடியில் ஓர் இரவு வைத்துத் தட்டையாக்குங்கள்.

மற்ற நேரத்திருடர்கள்: சத்தம் குறைக்கும் பயன்முறை, ஓரமில்லா அச்சு, மை காய்வதற்கான காத்திருப்பு. மூன்றையும் அணைத்தாகிவிட்டது. காத்திருப்பு இல்லாததால் ஒவ்வொரு அட்டையையும் உடனே எடுத்துத் தனித்தனியாகப் பரப்ப வேண்டும், அடுக்கினால் பின்பக்கம் அழுக்காகும். படத்தை 300 பிபிஐக்கு (அங்குலத்துக்கு 300 படப்புள்ளி) குறைத்து, பிடிஎஃப்பில் உள்ள ஒளிபுகும் அடுக்குகளைத் தட்டையாக்கி அனுப்பினால் பக்கத்தின் நடுவே ஹெட் நின்று யோசிப்பதும் போய்விடும்.

முன்புற டிரே தாளை அரைவட்டமாக மடக்கி இழுப்பது, இந்த அட்டைக்கு ஆகாது. பின்புற ஊட்டியில் ஐந்து அட்டைக்கு மேல் வைத்தால் ரோலர் வழுக்குகிறது. சற்றே ஈரமான பஞ்சற்ற துணியால் ரோலரைத் துடைத்தால் பிடிப்பு திரும்பிவிடும். ஊட்டுவது வழுக்கும்போது வரும் கிடைப்பட்டைகளை ஹெட் அடைப்பு என்று நினைத்து மையை வீணாக்கிச் சுத்தம் செய்ய வேண்டாம். நாசில் (மை வெளிவரும் துளை) சோதனை முழுதாக வந்தால் குற்றவாளி ரோலர்தான்.

அட்டை வாங்கும்போது லேசருக்கானது என்று போட்டிருக்கும் பூச்சு அட்டையைத் தொடாதீர்கள், டை மை அதில் மணிக்கணக்கில் ஈரமாகவே நிற்கும். இழைத் திசையை (தாளின் நார்கள் ஓடும் திசை) கேட்டு வாங்குங்கள், மடிப்பு இழையோடு போனால்தான் வெடிக்காது. அடுத்து 300 ஜிஎஸ்எம்மில் இரண்டு பக்கமும் பார்க்கப்போகிறேன். தானியங்கி இருபக்க அச்சு இந்தத் தடிமனை ஏற்காது, கையால்தான் திருப்பிப் போட வேண்டும். பின்பக்கம் 1 மி.மீ. வரை நகர்வதை வடிவமைப்பிலேயே விட்டுவைக்கப்போகிறேன். இப்போதைய தொகுதியில் கரும்பச்சை மட்டும் இன்னும் சற்று மங்கல். தரத்தை ஏற்றாமல், டிரைவரில் அடர்த்தியை மட்டும் கூட்டி அடுத்த அட்டை ஓடிக்கொண்டிருக்கிறது.