பழகப் பழகத் தெரியும் முகம்

அலுவலகத்தில் புதிதாக ஒருவர் சேர்ந்தால், முதல் வாரத்தில் அவரைப் பற்றி நடக்கும் பேச்சு உடை, உயரம், பேசும் தோரணை என்ற அளவிலேயே நிற்கும். சில மாதங்கள் கழித்து அதே மனிதரைப் பற்றி யாரும் அப்படிப் பேசுவதில்லை. “அவரிடம் கொடுத்தால் வேலை முடிந்துவிடும்” என்றோ, “அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்” என்றோ பேச்சு மாறிவிடும். மனிதவளப் பிரிவில் நீண்ட காலம் பணியாற்றியதால், இந்த மாற்றத்தை அருகிலிருந்து கவனிக்கும் வாய்ப்பு எனக்கு அமைந்தது. ஒருவரைப் பற்றிய அபிப்பிராயம் மாறுவது இயல்புதான். ஆனால், பழகிய பிறகு அவருடைய முகமே நம் கண்ணுக்கு வேறாகத் தெரியத் தொடங்குகிறதே, அதுதான் எனக்கு நெடுநாள் வியப்பாக இருந்தது.

இதை ஆராய்ந்தவர்களும் இருக்கிறார்கள். கெவின் நிஃபின், டேவிட் ஸ்லோன் வில்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், ஒன்றாகப் பழகியவர்கள் ஒருவரையொருவர் எவ்வளவு அழகாகக் காண்கிறார்கள் என்பதைச் சோதித்திருக்கிறார்கள். ஒரு படகோட்டும் அணியில், உழைக்காமல் ஒதுங்கிக்கொண்ட ஒருவரை அணியினர் தோற்றத்திலும் தாழ்வாகவே மதிப்பிட்டார்கள். அவரை அறியாத வெளியாட்களுக்கு அந்தக் குறை தெரியவே இல்லை. ஒரு தொல்லியல் களப்பயிற்சியில் சந்தித்த மாணவர்களும், தொடக்கத்தில் ஒருவருக்கொருவர் தந்த அழகு மதிப்பெண்ணைப் பயிற்சி முடியும்போது மாற்றிக்கொண்டார்கள். இடைப்பட்ட வாரங்களில் ஒருவர் எப்படி உழைத்தார், எவ்வளவு பிடித்தவரானார் என்பது அந்த மதிப்பெண்ணில் கலந்துவிட்டது.

இதற்காகத் தோற்றத்துக்கு மதிப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. படை அதிகாரிகள் தமக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அளித்த மதிப்பீடுகளை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக், உடற்கட்டு, அறிவு, தலைமைப் பண்பு ஆகிய வெவ்வேறு தகுதிகளுக்கான மதிப்பெண்கள் இயல்புக்கு மீறி ஒன்றையொன்று ஒட்டியே செல்வதை 1920ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். ஆண்டு மதிப்பீட்டுப் படிவங்களைப் படித்துப் பழகிய எவருக்கும் இது புதிய செய்தியாக இராது. மிடுக்கான தோற்றம் கொண்டவருக்கு ‘திட்டமிடும் திறன்’ என்ற கட்டத்திலும் ஒரு மதிப்பெண் கூடுதலாக விழுந்திருக்கும். தோற்றம் தரும் அந்தச் சலுகை, அவரோடு தினமும் வேலை செய்யாதவர்களிடம்தான் நீடிக்கிறது என்பது என் கணிப்பு.

பணியிலிருந்து விலகிச் செல்பவர்களோடு நடத்தும் நேர்காணலில், படிவத்தில் உள்ள கேள்விகள் எல்லாம் முடிந்த பிறகு, “இங்கிருந்து யாரைப் பிரிவது கஷ்டமாக இருக்கிறது?” என்று கேட்பது என் வழக்கம். சம்பளம், பதவி உயர்வு பற்றிய கேள்விகளுக்குத் தயாரித்து வந்த பதிலைச் சொல்பவர்கள் இந்தக் கேள்விக்குச் சற்று யோசித்தே பேசுவார்கள். வெவ்வேறு பிரிவுகளிலிருந்து விலகியவர்களும் திரும்பத் திரும்ப ஒரு சில பெயர்களையே சொன்னார்கள். கூட்டங்களில் கலகலப்பாகப் பேசி எல்லோரையும் கவர்ந்தவர்கள் அந்தப் பெயர்களில் அநேகமாக இல்லை. ஆளுமைப் பயிற்சி வகுப்புகளில் பெரிதாகப் பேசப்படும் தன்னம்பிக்கையும் அங்கே அவ்வளவாக அடிபடவில்லை; அதன் மதிப்பை நாம் கொஞ்சம் கூட்டியே சொல்லி வருகிறோம் என்று நினைக்கிறேன்.

அப்படி அடிக்கடி சொல்லப்பட்டவர்களில் ஒருவர், சம்பளக் கணக்குகளைப் பார்த்துவந்த அம்மையார். மாதக் கடைசி நெருக்கடியிலும் யாராவது பிடித்தம் பற்றிய சந்தேகத்தோடு வந்து நின்றால், விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு, நாற்காலியை வந்தவர் பக்கம் திருப்பி உட்காருவார். “எந்த மாதத்திலிருந்து இப்படி வருகிறது?” என்பார். பதில் கிடைத்ததும், “அந்த மாதம் விடுப்பு எடுத்திருந்தீர்களா?” என்று அதிலிருந்தே அடுத்த கேள்வி பிறக்கும். பெரும்பாலும் மூன்று நிமிடத்தில் விஷயம் முடிந்துவிடும். வந்தவரோ தன் குறையை ஒருவர் முழுதாகக் காது கொடுத்துக் கேட்ட நிறைவோடு போவார். இப்படிச் சொன்னதைப் பற்றிக்கொண்டு மேலும் கேட்பவர்களை மற்றவர்களுக்கு அதிகம் பிடித்துப்போகிறது என்று, கரேன் ஹுவாங்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2017ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அந்த அம்மையாருக்கு இதையெல்லாம் யாரும் கற்றுத்தந்திருக்க மாட்டார்கள்.

இன்னொருவர் ஒரு குழுத் தலைவர். ஆய்வுக் கூட்டத்தில் மேலதிகாரி ஓர் அறிக்கையைப் பாராட்டினால், “அந்த அட்டவணையைப் போட்டது இவர்” என்று கடைசி வரிசையில் இருப்பவரைப் பெயர் சொல்லி எழுப்பிவிடுவார். அதே மனிதர், தவறான கோப்பு தன் கையிலிருந்து வெளியே போய்விட்ட அன்று, குழுவில் யாரையும் கைகாட்டாமல், “கவனக்குறைவு என்னுடையது, மதியத்துக்குள் திருத்தியது வந்துவிடும்” என்று ஒரே வரியில் எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினார். சொன்னபடி அனுப்பவும் செய்தார். திறமைசாலி ஒருவர் சிறு தடுமாற்றத்துக்கு ஆளானால் அவர்மேல் ஈர்ப்பு கூடுகிறது, சுமாரான திறமை உடையவருக்கு அதே தடுமாற்றம் பாதகமாகிறது என்று உளவியலாளர் எலியட் ஆரன்சனும் அவருடைய சகாக்களும் 1966ஆம் ஆண்டு காட்டினார்கள். இதைத் தவறாகப் புரிந்துகொண்டு, வேலையில் கோட்டைவிட்டுவிட்டுச் சிரித்து மழுப்புகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அந்தச் சிரிப்பு நீண்ட நாள் கைகொடுத்ததில்லை.

நகைச்சுவை உணர்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அடுத்தவரைக் குத்தாமல் சிரிக்க வைப்பவர் இருக்கும் மேசைக்கு ஆட்கள் தாமாக வந்து சேர்வார்கள். முடியாது என்பதை முகத்தில் அடித்தாற்போல் சொல்லாமல், அதே சமயம் இழுத்தடிக்காமலும் சொல்லத் தெரிந்தவர்கள் அதைவிட அரிதானவர்கள். “இந்த வாரம் என்னால் ஆகாது, திங்கட்கிழமை எடுத்துக்கொள்கிறேன்” என்ற பதிலை வாங்கிக்கொண்டு மன வருத்தத்தோடு திரும்பியவரை நான் கண்டதில்லை. பார்க்கலாம் பார்க்கலாம் என்று காலம் கடத்தியவர் மீதுதான் புகார் வரும்.

இந்த ஈர்ப்புக்கு ஒரு விலையும் உண்டு. எல்லோரும் இவர்களிடமே போய் நிற்பதால், மற்றவர்களின் வேலையும் மனக்குறையும் இவர்கள் தலையிலேயே வந்து விழுகின்றன. சம்பளப் பிரிவு அம்மையார் பல நாட்கள் தன் சொந்த வேலையை மாலை ஆறு மணிக்குப் பிறகே தொடங்குவார். ஆண்டு மதிப்பீட்டிலோ இதற்கென்று ஒரு கட்டம் கிடையாது. ‘நேர மேலாண்மை’ என்ற கட்டத்தில் அவருக்குக் குறைந்த மதிப்பெண் விழுந்த ஆண்டும் உண்டு. அந்தப் படிவத்தை மாற்ற வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்தபோது, இதையெல்லாம் எப்படி அளப்பது என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். விலகிச் செல்பவர்கள் சொல்லும் பெயர்களை மட்டுமாவது சேர்த்துவைக்கலாமே என்று பதில் எழுதினேன்; இப்போது நேர்காணல் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் அதற்கு ஒரு வரி இடம் விட்டிருக்கிறார்கள்.