இரண்டு ஆயில் சீல் மாற்றியும் நிற்காத கசிவு

கசிவு நின்றுவிட்டது. மூன்று நாளாக எண்ணெய் நிரப்பி மேசை மேல் வைத்திருந்த டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (கியர்பாக்ஸின் சுழற்சியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) அடியில் விரித்த செய்தித்தாள் அப்படியே காய்ந்து கிடக்கிறது. இதற்குப் பட்ட பாட்டை எழுதாமல் இருக்க முடியவில்லை.

பழைய ஜீப்பிலிருந்து கழற்றிய என்பி 231 மாடல் அது. வாங்கும் முன்பே இன்புட் ஸ்ப்லைனை (ஷாஃப்ட் கோக்கும் பற்களை) எண்ணிவிட்டேன்: 23, என் கியர்பாக்ஸுக்குப் பொருந்தும். பிரித்துப் பார்த்தபோது உள்ளே நல்ல நிலைதான். அடிக்காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு மட்டும் இருந்தது. விரலில் தேய்த்தால் துகள் எதுவும் நெருடவில்லை. கேஸின் உட்சுவரில் செயின் உரசிய கோடு இல்லை. ரேஞ்ச் ஃபோர்க்கின் (ஹை, லோ மாற்றும் கவை) பிளாஸ்டிக் பேடுகள் தேய்ந்திருந்தன, மாற்றினேன். ஆயில் பம்புக்குப் போகும் உறிஞ்சு குழாயின் ஓ-ரிங் மட்டும் கல்லாக இறுகியிருந்தது. அது காற்று இழுத்தால் பம்பு சரியாக எண்ணெய் தள்ளாது. கேஸைப் பிரித்த யாரும் இதை மாற்றாமல் மூடக் கூடாது.

மூடி, ஒரு லிட்டர் அளவுக்கு ஏ.டி.எஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான சிவப்பு எண்ணெய்) ஊற்றி வைத்தேன். மறுநாள் காலை முன் அவுட்புட் யோக்கின் (முன் டிரைவ் ஷாஃப்ட் மாட்டும் இணைப்பு) அடியில் சிவப்பாக ஒரு வட்டம். சீல்தான் என்று புதிதாகப் போட்டேன். மறுபடி வட்டம். சீல் உட்காரும் யோக் பரப்பில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். லேசான பள்ளம் தட்டியது. அதுதான் காரணம் என்று நினைத்து, அடுத்த சீலைக் கொஞ்சம் வெளியே தள்ளி, அதன் உதடு (யோக்கில் படும் ரப்பர் விளிம்பு) புது இடத்தில் படுமாறு அடித்தேன். அப்போதும் வட்டம்!

அப்புறம்தான் பவுடர் யோசனை வந்தது. யோக்கையும் சுற்றுப்புறத்தையும் பிரேக் கிளீனரால் துடைத்துக் காயவிட்டு, டால்கம் பவுடரை மெல்லியதாகத் தூவினேன். ராத்திரி கழித்துப் பார்த்தால், சீலைச் சுற்றி வெள்ளை கலையவே இல்லை. யோக்கைப் பிடிக்கும் நடு நட்டின் விளிம்பிலிருந்து ஒரு சிவப்பு இழை கிளம்பி, யோக்கின் உட்குழிவு வழியாக இறங்கிக் கீழ் விளிம்பில் சொட்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது. எண்ணெய் ஸ்ப்லைன் இடுக்கு வழியாக வந்திருக்கிறது. கீழேயிருந்து பார்த்தால் சீல் கசிவுக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாது.

நட்டுக்குப் பின்னால் ஒரு ரப்பர் வாஷர் உண்டு. நான் வாங்கிய சீல் செட்டில் அது இல்லை. கடையில் கேட்டதற்கு, பழையதையே போடலாம் என்றார்கள். பழையது தட்டையாக நசுங்கி, ஓரத்தில் வெடித்திருந்தது. அதை நம்பி இரண்டு நல்ல சீலை வீணாக்கியதில் இன்னும் கோபம் தீரவில்லை. செட் வாங்குபவர்கள் உறையைத் திறந்து இந்த வாஷர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

புது வாஷரைத் தனியாகத் தேடி வாங்கினேன். ஸ்ப்லைனில் எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் துடைத்து, சிலிக்கான் சீலன்ட்டை மெல்லிய படலமாகத் தடவி, யோக்கை ஏற்றினேன். யோக் சுற்றாமல் இருக்க இரும்புப் பட்டை ஒன்றை அதில் போல்ட் போட்டுப் பிடித்துக்கொண்டு, 150 நியூட்டன் மீட்டருக்கு நட்டை இறுக்கினேன். சிலிக்கான் இறுக ஒரு முழு நாள் விட்டுத்தான் எண்ணெய் ஊற்றினேன்.

பின்பக்கம் ஸ்லிப் யோக்கை (டிரைவ் ஷாஃப்டோடு வழுக்கிக் கழன்று வரும் இணைப்பு) எடுத்துவிட்டு நிலையான யோக் போடும் ஆசை வெகுநாளாக உண்டு. பின் டிரைவ் ஷாஃப்டைக் கழற்றினாலும் எண்ணெய் கொட்டாது, வண்டியை உயர்த்தினால் ஷாஃப்டையும் கொஞ்சம் நீளமாக வைக்கலாம். ஆனால் நான் பார்த்திருக்கும் கிட்டுக்கு மெயின் ஷாஃப்டையே மாற்ற வேண்டும், அதாவது கேஸை மறுபடி பிரிக்க வேண்டும். கிட் கைக்கு வந்திருந்தால் இப்போதே சேர்த்துப் போட்டிருப்பேன்.

இன்புட் சீல் இன்னும் பாக்கி. அது எண்ணெய் மட்டத்துக்கு மேலே இருப்பதால் மேசைச் சோதனையில் கசிகிறதா என்று தெரியாது. பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிட்டுத்தான் வண்டியில் ஏற்றுவேன்.