நமக்கு என்னங்க தெரியும்

தொலைபேசிக் கருத்துக் கணிப்பின் முதல் கிழமை முடிந்து படிவங்களை அடுக்கிப் பார்த்தபோது, 'தெரியாது' என்ற கட்டத்தில்தான் அதிகம் சரி விழுந்திருந்தது. நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில் யாருக்கும் எதைப் பற்றியும் அபிப்பிராயமே இல்லை என்று அறிக்கை எழுதிவிடலாம் போல இருந்தது. நானும் லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், வளர்ந்தவள்தான். பைப்படியில் தண்ணி பிடிக்க நிற்கும் கால்மணி நேரத்தில் மாவட்டத்து அரசியல் முழுவதையும் அலசிக் காயப்போடும் சனம் எங்கள் சனம். அவர்களா தெரியாது என்பார்கள்?

2021 ஜூன் கடைசி. கொரோனாப் பயணக் கட்டுப்பாடு அப்போதுதான் தளர்ந்திருந்தது. ஹட்டனில் ஒரு கடைக்கட்டடத்தின் இரண்டாம் மாடியில் அறை எடுத்தோம். ஆறு மாணவர்கள், ஆறு போன், ஒரு கேத்தல். வீடு வீடாகப் போக முடியாத காலம் என்பதால் தோட்டத்து மக்களின் கருத்தைத் தொலைபேசியில் கேட்டுத் தரும்படி ஒரு நிறுவனம் வேலை தந்திருந்தது. ரோடு, வீடு, தண்ணி, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், இதில் எது முதலில் வேண்டும். சம்பளத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள். இப்படிப் பதினெட்டுக் கேள்விகள். மாணவர்கள் எல்லாரும் பல்கலைக்கழகம் மூடிக்கிடந்ததால் வீட்டுக்கு வந்திருந்த தோட்டத்துப் பிள்ளைகள். மேற்பார்வை நான். 'மிஸ்' என்பார்கள்.

எண்களை எங்கிருந்து எடுப்பது என்பதிலேயே முதல் சறுக்கல். எங்களுக்குத் தந்த பட்டியலில் பாதி 051இல் தொடங்கியது. அது ஹட்டன் பக்கத்து வீட்டுத் தொலைபேசி எண். யார் வீட்டில் இருக்கும்? கடை முதலாளி, ஆசிரியர், தோட்டத்து உத்தியோகத்தர். லயத்துக்குக் கம்பி இழுத்துப் போன் வைத்திருப்பவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். 1936இல் அமெரிக்காவில் ஒரு பத்திரிகை இதே வேலையைத்தான் செய்தது. தொலைபேசிப் புத்தகத்திலும் கார்ப் பதிவேட்டிலும் பெயர் பார்த்து ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பி, இருபது லட்சத்துக்கு மேல் பதில் வாங்கி, லாண்டன்தான் ஜனாதிபதி என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ அள்ளிக்கொண்டு போனார். வகுப்பில் இந்தக் கதையை எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்திருக்கிறேன். சிரித்த அதே ஆள்தான் 051 பட்டியலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

பிறகு கைபோன் எண்ணான 077க்குப் பின்னால் ஏழு இலக்கங்களைக் குருட்டுவாக்கில் போட்டுப் பார்த்தோம். ஏழு இலக்கம் என்றால் ஒரு கோடி எண். நாங்கள் அடித்ததில் முக்கால்வாசி பாவனையில் இல்லை. எடுத்தவர்களில் ஒருவர் மாத்தறையில் மீன் வியாபாரி; சிங்களத்தில் அன்பாகவே கதைத்தார், மலையகத்துக் குளிரை விசாரித்தார். கைபோனுக்கு ஊர் கிடையாது. எங்கள் தோட்டத்தவர்களின் எண்களிலும் கணிசமானவை கொழும்பில் புடவைக்கடையிலும் சாப்பாட்டுக்கடையிலும் நிற்கும் பிள்ளைகளின் சட்டைப்பையில் இருந்தன. கடைசியில் மாதர் சங்கம், மரண உதவிச் சங்கம் வழியாகச் சம்மதம் கேட்டு எண் வாங்கினோம். சங்கத்தில் இருப்பவர்கள் ஏற்கனவே வாய் திறக்கிறவர்கள். அந்தக் குறையை அறிக்கையில் எழுதினேன், யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. ஆனால் வாய் திறக்கிறவர்களே 'தெரியாது' என்றால்?

நேரம் இன்னொரு தலைவலி. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்குப் போய், கொழுந்து நிறுத்து, வீடு திரும்ப நாலரை ஐந்தாகும். பிறகு தண்ணி, அடுப்பு. அது முடிந்தால் டீவி நாடகம். ஞாயிற்றுக்கிழமை பிடிக்கலாம் என்றால் கிலோக் கணக்கில் காசு தரும் கைக்காசுக் கொழுந்துக்குப் போயிருப்பார்கள். பகலில் அடித்தால் போனை எடுப்பது பிள்ளை. வீட்டுக்கு இருப்பதே ஒரு போன், அதில்தான் ஒன்லைன் வகுப்பு. சிக்னலுக்காக மலையுச்சிப் பாறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை 'அம்மாகிட்ட குடும்மா' என்றால் எப்படிக் கொடுக்கும்? ஜூலை நடுவில் ஆசிரியர்கள் ஒன்லைன் வகுப்பிலிருந்து விலகிப் போராடத் தொடங்கினார்கள். போன் இனி ஓய்வாக இருக்கும் என்று நினைத்தோம். அதில் ப்ரீ பயர் ஓடிக்கொண்டிருந்தது. நடு ஆட்டத்தில் கூப்பிட்டுவிட்டோம் என்று ஒரு பொடியன் எங்கள் மாணவனை ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது.

தெரியாத எண்ணை எடுக்காதவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அப்படி வரும் எண் ஒன்று நுண்கடன் கம்பனிக்காரனாக இருக்கும், இல்லாவிட்டால் 'உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு, ரீலோட் பண்ணுங்க' என்கிற ஆளாக இருக்கும். எங்கள் அறிமுகப் பேச்சில் 'உங்கள் பதில்கள் பதிவு செய்யப்படும்' என்று ஒரு வரி இருந்தது. மஸ்கெலியாப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் அந்த இடத்திலேயே நிறுத்தினார். "பதிவா? ஒருக்கா பதிஞ்சுதான் தம்பி எங்க அண்ணன அந்தப் பக்கம் கப்பலேத்துனாங்க." 1964 ஒப்பந்தத்தில் நாடற்ற மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா எடுக்கும், 3,00,000 பேரை இலங்கை எடுக்கும் என்று இரண்டு பிரதமர்கள் கையெழுத்துப் போட்டதை மாணவன் பாடப்புத்தகத்தில் படித்திருந்தான். அண்ணன் போன கதையை நேரடியாகக் காதால் கேட்டது அன்றைக்குத்தான். 'பதிவு' என்ற சொல்லை மறுநாளே வெட்டி, 'எழுதிக்கிறோம்' என்று மாற்றினோம்.

வெட்ட வேண்டியவை இன்னும் இருந்தன. கேள்விகளை எழுதியவர் மேசையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். "தங்கள் பிரதேசத்தின் உட்கட்டமைப்பு வசதிகள் தொடர்பில் தாங்கள் எவ்வளவு தூரம் திருப்தியடைகின்றீர்கள்?" இதைப் போனில் வாசித்துக் காட்டினால் மறுமுனையில் கேட்பது மழைச் சத்தம் மட்டும். ஜூலை மழை, தகரக் கூரை, சொல்ல வேண்டியதில்லை. பதில்கள் ஐந்து: மிகவும் திருப்தி, ஓரளவு திருப்தி என்று தொடங்கி மிகவும் அதிருப்தி வரை. காதால் கேட்கிறவருக்கு ஐந்தும் நினைவில் நிற்காது, கடைசியாகக் கேட்டது நிற்கும். ஆகவே இரண்டாக உடைத்தோம். முதலில் "திருப்தியா, இல்லையா?" அதன் பிறகு "ரொம்பவா, கொஞ்சமா?" இது நாங்கள் கண்டுபிடித்ததில்லை, தொலைபேசி ஆய்வுகளில் பழைய முறை.

அப்படியும் ஒரு சொல் எங்களைப் படுத்தியது: 'பரவால்ல'. தண்ணி எப்படி? பரவால்லைங்க. ரோடு? பரவால்ல. இதை எந்தக் கட்டத்தில் போடுவது? நன்றாக இருக்கிறது என்பதற்கும் பரவால்ல, தாங்கிக்கொள்கிறோம் என்பதற்கும் பரவால்ல, இதைக் கேட்டு நீ என்ன செய்யப் போகிறாய் என்பதற்கும் அதே பரவால்ல. ஒரு சாயங்காலம் முழுக்க இதற்காகச் சண்டை போட்டோம். நடுக் கட்டம் என்றாள் ஒருத்தி. கவலையைக் காட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கான சொல், அதிருப்தியில்தான் போட வேண்டும் என்றான் இன்னொருவன். இழுத்துச் சொன்னால் ஒன்று, வெட்டிச் சொன்னால் வேறு என்றாள் மூன்றாமவள். அவள் சொன்னதுதான் சரி என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் படிவத்தில் இழுப்புக்கு இடமில்லை.

சம்பளக் கேள்விதான் மோசம். அந்த வருசம் மார்ச்சில் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று வர்த்தமானி வந்திருந்தது. அடிப்படை 900, வரவு செலவுத் திட்டக் கொடுப்பனவு 100. "ஆயிரம் ரூபாய் சம்பளத்தில் நீங்கள் திருப்தியா?" என்று கேட்டோம். "ஆயிரம் எங்கங்க வருது?" என்று திருப்பிக் கேட்டார்கள். சொன்ன கிலோ எடுக்காவிட்டால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம்; அரைப் பேருக்கு ஏது ஆயிரம்? கையில் வராத காசுக்குத் திருப்தி கேட்ட கேள்வி அது. ஸ்பீக்கரில் போட்டிருந்தால் இந்தக் கேள்விக்கு வீடே சேர்ந்து பதில் சொல்லும், சில நேரம் பக்கத்து வீட்டுக் காம்பராவும். ஒருவரின் தனி அபிப்பிராயம் வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் யாரைக் கேட்பது என்று தேர்ந்தெடுக்க ஒரு விதியும் இருந்தது: பதினெட்டு வயதைத் தாண்டியவர்களில் கடைசியாகப் பிறந்தநாள் வந்தவர். "பொறந்தநாளா? ஏன், கேக் அனுப்பப் போறீங்களா?" என்றார் டிக்கோயாவில் ஒரு ஆத்தா. அடையாள அட்டையில் இருக்கும் திகதி ஒன்று, அம்மா சொன்னது 'மாரியம்மன் திருவிழா முடிஞ்ச மூனாம் நாள்'.

'தெரியாது' விசயம் பிடிபட்டது கேத்தலால். பொகவந்தலாவைப் பிள்ளை ஒருத்தி எங்களோடு இருந்தாள், அதிகம் பேசமாட்டாள். மறுமுனையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. முதல் கேள்விக்கே, "நமக்கு என்னங்க தெரியும், தலைவருகிட்ட கேளுங்க." வழக்கமாக இந்த இடத்தில் சரி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். அந்த நேரம் பார்த்துக் கேத்தல் கொதித்து மூடி ஆடியது. பிள்ளை போனை மேசையில் அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய் பிளக்கைக் கழற்றினாள். திரும்பி வருவதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து குரல்: "ஆனா ஒன்னு பாப்பா..."

பதினொரு நிமிடம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டொக்டர் இல்லாதது, புள்ளத்தாச்சியைக் கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டு போனது, ரோடு குலுங்கிய குலுக்கில் பாதி வழியிலேயே பிள்ளை பிறந்தது, அந்தப் பிள்ளைக்கு இப்போது எட்டு வயது. ரோடா ஆஸ்பத்திரியா என்று கேட்டால் ரோடுதான் முதலில், ஏனென்றால் ரோடு இருந்தால் ஆஸ்பத்திரி டிக்கோயாவில் இருந்தாலும் போய்ச் சேரலாம் என்று காரணமும் சொன்னார்.

'நமக்கு என்னங்க தெரியும்' என்பது எங்கள் ஊரில் வாசலில் செருப்பைக் கழற்றுவது மாதிரி. கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். நாங்களோ செருப்பைக் கழற்றியதைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டிருந்தோம். லயத்தில் வளர்ந்த எனக்கே இது உறைக்கவில்லை என்பதுதான் வெட்கம். படிவத்தைக் கையில் எடுத்ததும் நான் துரைமார் காதால் கேட்கத் தொடங்கியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒரு விதி வைத்தோம்: 'தெரியாது' என்றால் மனதுக்குள் ஐந்து எண்ணிவிட்டுத்தான் பேனையைத் தொட வேண்டும். மாணவர்களுக்கு அது பெரும் தண்டனை. போனில் ஐந்து வினாடி மௌனம் எவ்வளவு நீளம் என்று எண்ணிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஒருவன் மேசைக்கடியில் விரல் மடக்குவான். ஐந்து எண்ணியும் மௌனம் கலையாத இடங்களும் இருந்தன. பிரதேச சபைப் பணம் எப்படிச் செலவாகிறது என்ற கேள்விக்கு வந்த 'தெரியாது' நிஜமான தெரியாது. வேறு சிலர் எண்ணி முடிக்கும் முன்பே வைத்துவிட்டார்கள், பின்னால் ஒரு ஆண்குரல் "யாரது?" என்று கேட்டது மட்டும் எங்களுக்குக் கேட்டது. அதற்கும் படிவத்தில் கட்டமில்லை.

முதல் கிழமைப் படிவங்களுக்குத் திரும்பவும் அடிக்கலாம் என்று நிறுவனத்துக்கு எழுதினேன். நேரமில்லை என்று பதில் வந்தது. அந்தத் 'தெரியாது'கள் அப்படியே கணக்கில் ஏறின. ஒரு அடிக்குறிப்புச் சேர்த்தேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

எல்லாவற்றையும் அனுப்பி, அறைச் சாவியையும் கொடுத்துவிட்டு வந்த அன்று ராத்திரி எட்டரைக்கு, என்னிடம் இருந்த போனில் ஒரு மிஸ்ட் கோல். திருப்பி அடித்தேன்.

"மிஸ்ஸுங்களா? அன்னைக்கி ஒரு தம்பி எடுத்து எது மொதல்ல வேணும்னு கேட்டாரு. நமக்கு என்ன தெரியும்னு வச்சிட்டேன். அப்புறம் யோசிச்சிக்கிட்டே இருந்தேங்க. இப்ப சொன்னா எழுதுவீங்களா?"

பக்கத்தில் கிடந்த மின்சாரப் பில்லைத் திருப்பி வைத்துக்கொண்டேன். "சொல்லுங்க அக்கா."

"தண்ணி," என்றார். கொஞ்சம் பொறுத்து, "எழுதிட்டீங்களா?"